டவுன் டொக்டரைத்தான் பிடிக்க வேண்டும்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் தோட்டப் பாடசாலையில் டீச்சர். அப்பாவுக்கு 52 வயது, கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். போன வருஷம் வலது கையிலிருந்து கத்தி நழுவத் தொடங்கியது. பிறகு கால் இழுத்தது, இப்போது பேச்சும் குழறுகிறது. கண்டியில் நிறையச் சோதனை செய்து மோட்டார் நியூரோன் நோய் என்றார்கள். குணப்படுத்த மருந்தில்லை என்று சொல்லி, ஒரு மாத்திரை தந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள். இடையில் ஏதாவது என்றால் எங்கே போவது? எங்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கும் டவுன் டொக்டர், "இதை நான் பார்த்ததில்லை மகள், கண்டிக்கே போங்க" என்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் அதே பதில். போன மாதம் ஒரு மரண வீட்டில் அப்பா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார், சொந்தக்காரர்கள் இன்னும் பேசுவதில்லை. பெரியப்பா இது செய்வினை என்று கோடாங்கியிடம் கூட்டிப்போனார். அவர் மீன், முட்டை, இறைச்சி தொடாமல் 48 நாள் பத்தியம் இருக்கச் சொல்லியிருக்கிறார். நோயின் பெயரை அப்பாவுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அம்மா கொழுந்துக்குப் போவதை விட்டுவிட்டார். தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறான். யாரைப் பிடிப்பது என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் டவுன் டொக்டரைத்தான் பிடிக்க வேண்டும். முதல் தடவை வேண்டாம் என்றார் என்பதற்காக அவரை விட்டுவிடாதீர்கள்.

அவர் இந்த நோயைப் பார்த்ததில்லை என்பது உண்மையாகத்தான் இருக்கும். ஐரோப்பிய நாடுகளில் எடுத்த கணக்கின்படி ஒரு லட்சம் பேரில் வருஷத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்குத்தான் இது புதிதாக வருகிறது. முப்பது நாற்பது வருஷம் டிஸ்பென்சரி நடத்தும் ஒரு குடும்ப வைத்தியர் ஒருவரையோ இருவரையோதான் சந்திப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டொக்டர் நல்ல டொக்டர். ஆனால் அப்பாவுக்கு இப்போது இருக்கிற, இனி வரக்கூடிய தொந்தரவுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தசைப் பிடிப்பு, எச்சில் வடிதல், மலச்சிக்கல், சளி, தோள் வலி, தூக்கமின்மை, எடை குறைதல், மனச்சோர்வு. இதில் எதை அவர் தினமும் பார்க்காமல் இருக்கிறார்? நோயின் பெயர்தான் அவருக்குப் புதிது. அந்த நோய் கொண்டுவரும் கஷ்டங்களில் முக்கால்வாசி அவருக்குக் கைவந்த வேலை.

கண்டி கிளினிக்கின் வேலை வேறு. நோயை உறுதிப்படுத்துவது, ரிலுசோல் மாத்திரையைத் தொடங்குவது, உணவுக்குழாய், மூச்சு இயந்திரம் போன்ற பெரிய விஷயங்களில் முடிவெடுக்க உதவுவது எல்லாம் அங்கே நடக்கும். அந்தத் தொடர்பை ஒருபோதும் விடக்கூடாது. அதேசமயம் எச்சில் வடிகிறது என்பதற்காக, காலிழுக்கும் மனிதரைக் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவுப் பாதையில் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போகத் தேவையில்லை.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளையிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புக் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கின்றன. உத்தரவு கிடைக்காத தசை மெலிந்து ஓய்ந்துபோகிறது. சிலருக்குக் கையில் தொடங்கும், சிலருக்குக் காலில், சிலருக்கு நாக்கிலேயே தொடங்கும். கடைசியில் மூச்சுத் தசைகளையும் தொடும். பார்வை, கேள்விப்புலன், தொடு உணர்வு, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவை பெரும்பாலும் தப்பிவிடும். இது தொற்றாது. அப்பா குடித்த கோப்பையில் பேரப்பிள்ளை தேநீர் குடிக்கலாம். பரம்பரையாக வருவது பத்தில் ஒன்று அளவுதான். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றால் உங்களுக்கும் தம்பிக்கும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அறிகுறி தொடங்கியதிலிருந்து பெரும்பாலானவர்கள் இரண்டு முதல் நான்கு வருஷம் வாழ்கிறார்கள். பத்து வருஷத்தைத் தாண்டுகிறவர்களும் உண்டு, ஆனால் குறைவு. விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங்குக்கு இந்த நோயை 1963 இல் கண்டுபிடித்து 2018 வரை இருந்தார் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது உண்மைதான், ஆனால் மிக மிக அபூர்வமான உண்மை. அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

மருந்தில்லை என்றவுடன் செய்வதற்கு எதுவுமில்லை என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது அதுதான். ரிலுசோல் நல்ல மருந்து, தவறாமல் கொடுங்கள். ஆனால் ஆய்வுகளில் அது ஆயுளைச் சராசரியாக இரண்டு மூன்று மாதம்தான் நீட்டியது. இதோடு இன்னொன்றை வைத்துப் பாருங்கள். அயர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2003 இல் வெளிவந்தது. நரம்பியல் வைத்தியர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுச் சிகிச்சையாளர், உணவு ஆலோசகர், தாதி எல்லாரும் சேர்ந்து பார்க்கும் கிளினிக்குக்குப் போன நோயாளிகள், பொதுவான நரம்பியல் கிளினிக்குக்குப் போனவர்களைவிட ஏறத்தாழ ஏழரை மாதம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். மாத்திரை தருவதைவிடப் பலர் சேர்ந்து பார்ப்பது கூடுதலாகத் தருகிறது என்றால், அந்தச் சேர்ந்து பார்ப்பதும் ஒரு மருந்துதான். அது எந்தப் பாமசியிலும் கிடைக்காது, நாம்தான் சேர்த்தெடுக்க வேண்டும்.

அயர்லாந்தின் டப்ளினில் இருப்பது போல ஒரே கூரைக்கு அடியில் எல்லாரும் உட்காரும் கிளினிக் நம் மலைக்கு இப்போதைக்கு வராது. ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள், சிதறி இருக்கிறார்கள். கண்டியில் நரம்பியல் வைத்தியர். டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை என்று இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் ஒப்பீட்டளவில் பக்கத்தில். பிசியோ, பேச்சுச் சிகிச்சை, உணவு ஆலோசனை எதற்கு எங்கே எந்த நாளில் போக வேண்டும் என்பதை டவுன் டொக்டரின் ஒரு கடிதத்தோடு போய்க் கேட்டால் சொல்வார்கள். தோட்டத்தில் நீங்கள் டொக்டர் ஐயா என்று கூப்பிடும் வைத்திய உதவியாளர். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் ஆட்கள், குறிப்பாக லயம் லயமாக, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்தோறும், நடக்கும் மருத்துவ மாது. அவரது கடமை தாய்மாரும் பிள்ளைகளும்தான், ஆனாலும் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அப்புறம் கிராம உத்தியோகத்தர், பக்கத்துக் காம்பராக்காரர்கள், கொழும்பில் தம்பி. இத்தனை பேரையும் ஒரே நூலில் கோர்க்க ஒருவர் வேண்டும். அது வீட்டுக்குப் பக்கத்தில், அப்பாவை நோய்க்கு முன்பிருந்தே தெரிந்த வைத்தியராக இருப்பதுதான் சரி.

அதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். கிளினிக் புத்தகம் கண்டிக்கு, மாத்திரைச் சீட்டு பாமசிக்கு என்று துண்டு துண்டாக வைத்திருக்காதீர்கள். யார் பார்த்தாலும் இந்தக் கொப்பியில் திகதி போட்டு இரண்டு வரி எழுதட்டும். முதல் பக்கத்தில் நோயின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மருந்துகள், டவுன் டொக்டரின் நம்பர், உங்கள் நம்பர், கண்டி கிளினிக் இலக்கம் எல்லாம் அதே பக்கத்தில் இருக்கட்டும். கீழே, "மூச்சுத் தசை பலவீனம் உள்ளவர், ஒட்சிசன் கொடுக்கும்போது கவனம் தேவை" என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி டொக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். நடு இரவில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸில் வருபவருக்கும் வார்ட்டில் கடமையில் இருக்கும் இளம் வைத்தியருக்கும் இந்த ஒரு பக்கம் போதும். அப்பா சம்மதித்தால் டவுன் டொக்டர், தோட்டத்து ஐயா, நீங்கள், தம்பி நால்வரும் உள்ள ஒரு வட்ஸ்அப் குழுவும் தொடங்கலாம். டொக்டர் எல்லாவற்றுக்கும் பதில் போட மாட்டார், போடவும் தேவையில்லை. பார்த்தால் போதும்.

இனி வரும் நான்கு பந்திகளை உங்கள் டவுன் டொக்டரிடம் காட்டுங்கள்.

வணக்கம் டொக்டர். உங்களிடம் கேட்பது நிபுணத்துவத்தை அல்ல, தொடர்ச்சியை. மாதத்துக்கு ஒரு தடவை, கூட்டமில்லாத நேரத்தில் இருபது நிமிஷம். முடிந்தால் இடைக்கிடை லயத்துக்கு ஒரு நடை. கண்டிக்கு ஒரு கடிதம் எழுதி, இடைக்காலக் கவனிப்பை நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள் என்பதையும், சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது என்பதையும் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் அவர்களும் இப்படி ஒரு கடிதத்தைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ரிலுசோலுக்கான ஈரல் இரத்தச் சோதனையை, முதல் மூன்று மாதம் மாதாமாதமும் பிறகு முதல் வருஷம் முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், நீங்களே இங்கே செய்விக்கலாம். காய்ச்சல் வந்தால் வெள்ளணுக்களையும் பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் மூச்சைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இந்த நோயாளிகள் மூச்சு முட்டுகிறது என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் வேகமாக நடப்பதில்லை. இராத்திரி அடிக்கடி விழிப்பு, கெட்ட கனவு, காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுதல், தலையணை கூடிக்கொண்டே போவது, ஒரு வசனத்தை இரண்டு மூன்றாக முறித்துப் பேசுவது, இருமினால் சத்தம் வராமல் போவது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கண்டிக்கு அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் எழுதுங்கள். மல்லாந்து படுக்கவைத்து மூச்சை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். வயிறு மேலே எழும்புவதற்குப் பதில் உள்ளே போனால் மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று மாதாமாதம் கொப்பியில் குறிக்கலாம், நாக்குக் குழறல் கூடும்போது அது அவ்வளவு பிடிமானமான கணக்காக இராது. விரலில் மாட்டும் ஒட்சிமீற்றர் 96 காட்டுகிறது என்று திருப்திப்பட வேண்டாம். காபனீரொட்சைட் தேங்கத் தொடங்கி நெடுநாள் ஆன பிறகுதான் அந்த எண் இறங்கும். ஒட்சிசனை மட்டும் கொடுத்தால் அந்தத் தேக்கம் கூடிவிடலாம், இவருக்குத் தேவை காற்றை உள்ளே தள்ளும் உதவி. முகமூடி வழியாக இரவில் காற்றுத் தரும் பைபாப் இயந்திரம் பற்றி இங்கிலாந்தில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வில், தொண்டைத் தசை கடுமையாகப் பாதிக்கப்படாதவர்களுக்கு அது ஏறத்தாழ 205 நாள் கூடுதல் ஆயுளையும் நிம்மதியான தூக்கத்தையும் தந்தது. தூக்க மாத்திரையை யோசித்துத்தான் எழுத வேண்டும்.

மற்றதெல்லாம் உங்கள் அலுமாரியில் இருக்கிற மருந்துகள்தான். எச்சில் வடிதலுக்கு இரவில் குறைந்த அளவு அமிற்றிப்டிலின் நல்ல தொடக்கம், தூக்கத்துக்கும் உதவும். போதாவிட்டால் ஹயோசின், அல்லது கண்ணுக்கு விடும் அத்ரோபின் சொட்டை நாக்கடியில் விடும் முறை. தசை இறுக்கத்துக்கு பக்லோபென், மிகக் குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். கூடினால் இருக்கிற பலமும் போய், நிற்கிற மனிதர் விழுவார். மலச்சிக்கலை அவர் சொல்லாமலே நீங்கள் கேளுங்கள். நெஞ்சுச் சளிக்கு நுண்ணுயிர்க் கொல்லியைத் தாமதிக்காதீர்கள். இன்புளுவென்சா தடுப்பூசி போடுங்கள்.

வயிற்றில் வைக்கும் உணவுக்குழாய் பற்றிய பேச்சையும் நீங்கள்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கும். மூச்சின் கொள்ளளவு பாதிக்குக் கீழே இறங்குவதற்கு முன் வைப்பதுதான் பாதுகாப்பு. சாப்பிட முடியாமல் போன பிறகு யோசிக்கலாம் என்று வீட்டார் சொல்வார்கள். அப்போது மயக்க மருந்துக்கே தயங்குவார்கள்.

சரி, டீச்சர், மறுபடி உங்களிடம்.

பத்தியத்தை இன்றே நிறுத்துங்கள். பெரியப்பாவோடு சண்டை போட வேண்டாம். கோயிலுக்கு நேர்த்தி வைக்கட்டும், திருநீறு போடட்டும், அதனால் அப்பாவின் மனம் தைரியமாகும். ஆனால் இந்த நோயில் எடை இறங்க இறங்க ஆயுளும் இறங்கும். தசை உருகிக்கொண்டிருக்கும் மனிதருக்கு முட்டையையும் மீனையும் 48 நாள் நிறுத்துவதை எந்தத் தெய்வமும் கேட்காது. "டொக்டர் கண்டிப்பாகச் சாப்பிடச் சொல்லிவிட்டார், நேர்த்தியை அம்மா எடுத்துக்கொள்வார்" என்று சொல்லிப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவருக்காக இன்னொருவர் விரதம் இருப்பது நம்மிடம் உள்ள பழக்கம்தானே. மாதம் ஒருமுறை டிஸ்பென்சரித் தராசில் எடை பார்த்து கொப்பியில் எழுதுங்கள்.

சாப்பாட்டில் எது புரையேறுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் தண்ணியாக ஓடும் பிளேன்டீயும், உதிரிச் சோறும், காய்ந்த ரொட்டியும்தான். ஒரே வாயில் கெட்டியும் தண்ணியும் சேர்ந்து வருவது இன்னும் கஷ்டம். குழைந்த சோற்றில் பருப்பைக் கடைந்து பிசைவது, மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய், குரக்கன் கூழ், தயிர், பாலில் அடித்த பழுத்த வாழைப்பழம், அரை அவியல் போல மென்மையாகக் கிண்டிய முட்டை எல்லாம் இறங்கும். ரொட்டியை விட மாட்டேன் என்றால் கறிக் குழம்பில் ஊறவைத்து முழுக்கக் குழையட்டும். நேராக உட்காரவைத்து, நாடியை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள். விழுங்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, டீவியும் வேண்டாம். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் கொடுங்கள். பேச்சுச் சிகிச்சையாளர் என்பவர் பேச்சுக்கு மட்டும் உரியவர் அல்ல, விழுங்குவதையும் அவர்தான் பார்ப்பார். அவரிடம் ஒருமுறையாவது போக வேண்டும்.

காம்பராவில் விறகு அடுப்பா? அப்படியானால் அப்பாவின் படுக்கை அடுப்புப் புகை போகாத பக்கத்துக்கு மாற வேண்டும். இஸ்தோப்பை அடைத்து ஒரு கட்டில் போட இடம் இருந்தால் நல்லது, குளிர் நேரே அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிவறை கீழே படியிறங்கிப் போகும் இடத்தில் இருந்தால் இரவுக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். நடுவில் துளை வெட்டிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அடியில் ஒரு வாளியும் போதும். தூக்கும்போது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்கவே கூடாது. தசை தாங்காத தோள் மூட்டு அப்படி இழுத்தால் நழுவும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது. இடுப்பைச் சுற்றி ஒரு அகலத் துணியைக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். எண்ணெய் தேய்ப்பதற்குத் தடையில்லை, மூட்டை நெளித்து முறுக்க வேண்டாம்.

அம்புலன்ஸ் லயம்வரை வராது என்பது உங்களுக்கே தெரியும். எந்த இடத்தில் வண்டி நிற்க முடியும், அங்கேவரை யார் நால்வர் தூக்கி வருவார்கள், மழைக்கு மண் சரிந்து பாதை அடைபட்டால் எந்தப் பக்கத்தால் போவது, இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பையன்களோடு இப்போதே பேசி வையுங்கள். பின்னால் பைபாப் வந்தால், மின்சாரம் போகிற இரவுகளுக்கு என்ன செய்வது என்று இயந்திரம் தருபவரிடம் முதல் நாளே கேட்க வேண்டும்.

மரண வீட்டுச் சிரிப்பு. இதை நீங்கள் சொந்தக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். சிரிப்பையும் அழுகையையும் அடக்கிவைக்கும் நரம்புப் பாதையையும் இந்த நோய் தொடுகிறது. உள்ளே துக்கம் இருக்கும்போதே முகம் சிரிக்கும். சின்ன விஷயத்துக்கு விம்மி விம்மி அழவும் வைக்கும். அது அவர் மனம் அல்ல, தசையின் கட்டுப்பாடு போனது. அன்று அந்த இடத்தில் அவர் எவ்வளவு கூனிக் குறுகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டுக்கு நீங்களும் அம்மாவும் போய், டொக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி விளக்குங்கள். அதைக் குறைக்கவும் மருந்து உண்டு, எச்சிலுக்குக் கொடுக்கும் அதே அமிற்றிப்டிலின் சிலருக்கு இதற்கும் கேட்கும். ஆனால் சிரிப்பு அழுகைக்கு அப்பால், அவர் குணமே மாறி, பணத்தைக் கண்டபடி செலவழிப்பது, யாரையும் பொருட்படுத்தாமல் நடப்பது போல ஏதாவது தெரிந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்குச் சிந்தனைப் பகுதியும் பாதிக்கப்படும்.

அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். நீங்கள் மறைப்பது அன்பினால் என்று எனக்குத் தெரியும், இந்த மலையில் பாதி வீடுகளில் இப்படித்தான். ஆனால் கத்தி நழுவியதை முதலில் கண்டவர் அவர், தன் நாக்கு குழறுவதை ஒவ்வொரு நாளும் கேட்பவர் அவர். அவருக்குத் தெரியாதது பெயர் மட்டும்தான். பெயர் தெரியாததால் செய்வினை என்று நம்ப வேண்டியிருக்கிறது, யார் செய்தது என்று மனதுக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. குழாய் வேண்டுமா, இயந்திரம் வேண்டுமா, கடைசியில் ஆஸ்பத்திரியிலா வீட்டிலா என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியவை. நாக்கு இன்னும் கொஞ்சம் திரும்பும் இந்த மாதங்களில்தான் அதைக் கேட்க முடியும். ஆனால் நீங்கள் சொல்ல வேண்டாம். கண்டியில் சிங்களத்தில் சொன்னதை மகள் தமிழில் மாற்றிச் சொல்லும் நிலைமை மிகக் கொடுமை. அந்தப் பாரத்தை உங்கள்மேல் ஏற்ற எந்த வைத்தியருக்கும் உரிமையில்லை. டவுன் டொக்டர் தமிழில், அப்பாவுக்குப் பழகிய குரலில், கதவைச் சாத்திவிட்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் மகளாக உட்கார்ந்திருங்கள்.

எல்லாரும் மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். மூச்சடைத்துத் துடித்துத்தான் போவாரா என்று. மிகப் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சு மெல்ல மெல்லத் தளர்ந்து, தூக்கம் கூடி, அதிலேயே முடிவதுதான் வழமை. மூச்சுத் திணறலையும் பயத்தையும் தணிக்கக் குறைந்த அளவு மோர்பினும் வேறு மருந்துகளும் உண்டு. அது ஆளைக் கொல்லும் மருந்து என்ற பயம் வேண்டாம். அது தேவைப்படும் காலத்துக்கு முன்பே எங்கிருந்து, யார் மூலம் கிடைக்கும் என்று டொக்டரும் ஆஸ்பத்திரியும் பேசி வைத்திருக்க வேண்டும்.

அம்மாவையும் டவுன் டொக்டர் தன் நோயாளியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரவில் எத்தனை தடவை எழும்புகிறார், இடுப்பு எப்படி, சாப்பிடுகிறாரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாரத்தில் இரண்டு பின்னேரமாவது பக்கத்து வீட்டு அக்கா யாராவது அப்பாவோடு உட்கார்ந்திருக்க, அம்மா வெளியே போய் வரட்டும். தம்பி பணம் மட்டும் அனுப்பினால் போதாது. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்து இரவு விழித்திருப்பது அவன் பங்கு, அதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

காசு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவுக்கு 52 என்பதால் ஊழியர் சேமலாப நிதிக்கு 55 வரை காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்ற மருத்துவச் சான்று இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் நிரந்தர இயலாமைக்கு உதவி உண்டு. 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக்காலப் பணமும் வர வேண்டும். வேலையிலிருந்து விலகும் எந்தக் கடிதத்திலும் கைவைப்பதற்கு முன், இந்த மூன்றையும் பற்றித் தொழிற்சங்கத்திலும் தொழில் திணைக்கள அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போக வேண்டும். வலது கை ஓய்ந்துகொண்டு வருகிறது என்பதால் வங்கிக் கணக்கை அம்மாவின் பெயரோடு கூட்டுக் கணக்காக மாற்றும் வேலையை இந்த மாதமே முடியுங்கள். கையெழுத்து மாறிப்போன பிறகு ஒவ்வொரு கவுண்டரிலும் அலையவிடுவார்கள்.

டவுன் டொக்டரிடம் ஞாயிற்றுக்கிழமையும் சம்பளம் போட்ட அடுத்த நாளும் போகாதீர்கள், கூட்டத்தில் அவரால் உட்கார்ந்து பேச முடியாது. செவ்வாய் அல்லது புதன், பாடசாலை விட்ட பிறகு, முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். கண்டியில் தந்த டயக்னோசிஸ் கார்ட், இரத்தச் சோதனை முடிவுகள், மாத்திரை அட்டை, புதுக் கொப்பி, இந்தப் பதிலின் ஒரு பிரதி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். "அப்பாவைக் குணப்படுத்தச் சொல்லவில்லை டொக்டர், எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும்" என்று சொல்லுங்கள். அப்படியும் தயங்கினால் என் நம்பரை இந்தப் பகுதியின் ஆசிரியரிடம் கேட்டு அவருக்குக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.